மாசி மகத்துத் தண்ணீரும் இரண்டு கோமாளி மீன்களும்

என் மச்சான் அந்த இரண்டு மீன்களையும் சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. ஒரு பாலிதீன் பை, பாதிக்குக் கடல் தண்ணீர், மீதிக்குக் காற்று. உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு ஆரஞ்சு நிற உயிர்கள், உடம்பில் வெள்ளைப் பட்டை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்த ஒருவர், "பெத்தவன் கூட புள்ளய இப்பிடிப் புடிச்சிகினு வர மாட்டான்பா" என்றாராம். வீட்டுக்குள் கால் வைத்ததும் அதைத்தான் முதலில் என்னிடம் சொன்னான். யார் எங்கே எதைச் சொன்னாலும் எனக்குக் கொண்டுவந்து கொடுப்பான், எனக்கு அதில் ஆசை என்று அவனுக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவன். மாவு மில்லில் உட்கார்ந்து ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பேச்சும் வந்தது, எழுத்தும் வந்தது.

மில்லுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. முன் அறையில் நாலடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றை மச்சான் வைத்திருந்தான். பட்டம் படித்தவன். அரசாங்க வேலைக்கு எழுதாத பரீட்சை இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே வயது வரம்பு தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு கடற்கரைப் பக்கம் எங்கேயோ போய், கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கிற பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு ஜோடி ஒழுங்காகச் சேர்ந்துவிட்டால் மாதத்துக்கு இரண்டு தரம் முட்டை வைக்கும், குஞ்சை வளர்த்துச் சென்னைக்கு அனுப்பலாம், அதுதான் இனிமேல் தன் பிழைப்பு என்றான். கடலே இல்லாத ஊரில் கடல் மீனா என்று தெருவே சிரித்தது. மீன் விடுவதற்கு முன்னால் பல வாரம் வெறும் தண்ணீரையும் பாறையையும் மட்டும் வைத்து மோட்டாரை ஓட விட்டிருந்தான். "தண்ணி சமையணும் மாமா" என்பான். எதிர் வீட்டுக்காரர் தினமும் எட்டிப் பார்த்து, "இன்னாபா, வெந்துட்ச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஜோடியில் ஒன்று பெரிதாகிப் பெட்டையாகும், சின்னது ஆணாகவே நிற்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தான். வந்த இரண்டில் ஒன்று அரை விரற்கடை பெரிசு. "ரெண்டும் ஒண்ணா வளந்தது மாமா. இதுல ஒண்ணு போனா மறுபடி மொதல்லேந்து" என்றான்.

பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, டம்ளர் டம்ளராகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றிப் பழக்கி, பிறகுதான் மீனை விட்டான். விட்டதும் இரண்டும் பாறைக்குப் பின்னால் மூலையில் போய்க் கண்ணாடியைப் பார்த்து நின்றுவிட்டன. தெரு ஜனமெல்லாம் பார்க்க வந்தது. ஒரு பெரியம்மா மடியிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

"பெரிம்மா, இது கோயில் கொளம் இல்ல!"

"எந்த மீனா இருந்தா இன்னாடா? பொரின்னா வாயத் தொறக்கும்."

தொறக்கவில்லை. மச்சான் பொரியை ஒவ்வொன்றாக வாரி எடுத்தான். பிறகு கடுகைவிடச் சின்னதான குருணைத் தீனியைப் போட்டான். அது மீனின் மூக்குக்கு முன்னாலேயே இறங்கித் தரையில் விழுந்தது, மீன் அசையவில்லை. "எடம் பழகுற வரைக்கும் இப்பிடித்தான் இருக்கும். உசுரோட இருக்குற எர நாளைக்கி கடலூர் பஸ்ஸுல வருது. துள்ளுறதப் பாத்தா தானா வந்து கொத்தும்" என்றான். அவன் எர என்று சொன்னது உப்பளத்தில் வளருகிற, தூசு மாதிரியான ஒரு குட்டி இறாலை.

மறுநாள் சாலை மறியல். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த சமயம் அது. முந்தி ஒரு காலத்தில் இதே கோரிக்கைக்காகச் சாலையோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டதைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சாவாக இருந்தாலும் தேர் இழுப்பதாக இருந்தாலும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து நிற்கவேண்டும். மறியலுக்கும் அதே கணக்குதான். எனக்கு மில் இருந்ததால் எங்கள் வீட்டு ஆள் மச்சான்.

"வயசு தாண்டினவனுக்கு ஒதுக்கீடு வந்து இன்னா ஆவப்போவுது மாமா. ஆனா நம்ம வூட்டு ஆளு எங்கன்னு கேப்பாங்க இல்ல?" என்று சட்டையை மாட்டினான். அக்காவிடம், "கடலூர் பஸ் எப்பிடியும் அங்கதான் நிக்கும். மறியலும் ஆச்சி, பார்சலும் ஆச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அங்கே நடந்ததை அந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் பிற்பாடு எனக்குச் சொன்னார். பஸ் நின்றது. ஜனம் சாலையில் உட்கார்ந்திருந்தது. மச்சான் எழுந்து வந்து டிரைவர் பக்கம் நின்று, தெர்மாகோல் பெட்டியை வாங்கக் கையை மேலே தூக்கினான். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு கல் வந்து முன்கண்ணாடி நொறுங்கியது. எல்லோரும் ஓடினார்கள். மச்சான் ஓடவில்லை, பெட்டி இன்னும் கைக்கு வரவில்லை. யாரோ போனில் படம் எடுத்திருந்தார்கள். உடைந்த கண்ணாடி, அதற்குக் கீழே கையைத் தூக்கியபடி ஒரு ஆள். அந்தப் படத்தை வைத்துத்தான் வழக்கு, அன்றைக்கு ராத்திரியே அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள்.

"இத வாங்கத்தாங்க வந்தாரு" என்று கண்டக்டர் பெட்டியை மில்லில் கொண்டுவந்து வைத்தார். நல்ல மனுஷன்.

"இத நீங்க ஸ்டேஷன்ல வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா…"

அவர் தரையைப் பார்த்தார். "புள்ளகுட்டிக்காரன்ங்க நானு. எங்க ஆபீஸ்ல இன்னா கேப்பாங்களோ தெர்லங்க."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறந்தேன். உள்ளே கவரில் தண்ணீர் கலங்கி, இரை எல்லாம் செத்து அடியில் படிந்து, நாற்றம் அடித்தது.

கொரோனா காலம் என்பதால் ஜெயிலில் நேரில் பார்க்க விடவில்லை. எப்போதாவது போனில் பேச விடுவார்கள். முதல் தரம் மணி அடித்ததும் என் மனைவி எடுத்தாள். அவன் முதலில் கேட்டது, "துன்னுச்சா கா?"

"நீ துன்னியாடா தம்பி?"

"நான் துன்றேன். அது துன்னுச்சா?"

துன்னவில்லை. குருணையை வாயில் வாங்கித் துப்புகின்றன என்று நான் சொன்னேன். துப்புகிறதென்றால் வாயையாவது திறக்கிறதே என்று அவனுக்குச் சந்தோஷம். இறாலை உரித்துப் பொடிப்பொடியாக நறுக்கி, வெள்ளைப்பூண்டை நசுக்கி அந்தச் சாற்றில் ஊற வைத்துப் போடச் சொன்னான். பூண்டு வாசனைக்கு மீனுக்குப் பசி எடுக்குமாம். போடும்போது மோட்டாரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இரை அடித்துக்கொண்டு போய்விடும். விளக்கு போடக் கூடாது. முன்னால் போய் நிற்கக் கூடாது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னான். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். தம்பி வெளியே வரும்வரை கவிச்சி இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு, மாசி மகத்தன்று கடலூரில் சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது கடலில் முழுகுகிறேன் என்று என் மனைவி வேண்டிக்கொண்டு விரதம் இருந்தாள். வீட்டுக்குள் இறால் வரக் கூடாது. தம்பிக்காக விரதம், தம்பியின் மீனுக்காக இறால். இரண்டு நாள் யோசித்தாள். பிறகு, "மில்லாண்ட வெச்சி நறுக்குங்க. நான் அந்தப் பக்கம் வர்ல" என்றாள். அப்படியே ஆயிற்று. மில்லின் பின்பக்கம் கல்லைப் போட்டு உட்கார்ந்து நான் இறால் நறுக்குவேன். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்தே, "இன்னும் பொடியாங்க, அதுக்கு வாயி எம்மாத்தம்" என்பாள்.

இறால் கிடைப்பதும் லேசாக இல்லை. மறியல் நாளில் கடற்கரைச் சரக்கு வராது. சந்தையில் கோமுகி அணை மீன்தான் இருக்கும். வந்த அன்றைக்கு வாங்கிப் பக்கத்துக் கடை ஐஸ் பெட்டியில் கெஞ்சி வைத்துக்கொள்வேன்.

வெள்ளிமலையிலிருந்து சாமை மூட்டையோடு ஜீப்பில் வந்த ஒரு அம்மா, தன் முறைக்குக் காத்திருந்தவள், நான் தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பண்றீங்க?"

"மீனு துன்ன மாட்டேங்குதும்மா. அதான் பாத்துகினு கெடக்குறேன்."

"புதுசா வந்த கோழியவே நாங்க கூடையப் போட்டு மூடி வெப்போம். நீங்க கிட்ட குந்திகினு வாயப் பாத்தா? புதுப் பொண்ணு கூடத்தான் மாமியா வூட்ல மொத நாளு துன்னாது. நீங்க போயி கண்ணாலத்துல எல போட்டவன் மாரி நிக்கிறீங்க!"

மில்லே சிரித்தது. எனக்கும் வெகு நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அவள் பேச்சுக்காகவே ஒரு கோணியைத் தொட்டிமேல் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் கோணிக்குள்ளேயும் அப்படியேதான் இருந்தன. இறால் தரையில் வெள்ளையாகக் கிடந்தது, நான் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர், "உப்பு கம்மியா இருக்கும், ஒரு கை கல்லுப்பு போடு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் பெரிய மீன் பாறையை விட்டு வெளியே வந்தது. பூண்டு மணக்கிற ஒரு துணுக்கை வாயில் வாங்கியது. துப்பியது. மறுபடி வாங்கியது. துப்பவில்லை. நான் மூச்சு விடாமல் நின்றேன். இன்னொரு துணுக்கு போட்டேன், மேலேயே வந்து எடுத்தது. மில்லுக்கு ஓடி என் மனைவியிடம் சொன்னேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், மீனையா சாமியையா தெரியாது.

அடுத்த போனில் அவனிடம் சொன்னபோது, ஏதோ இரைச்சல் மட்டும் கேட்டது. அழுதானோ என்னவோ. "சின்னது?" என்றான்.

சின்னது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பாறையில் ஒட்டியிருந்த எதையோ அவ்வப்போது கொத்தும், அவ்வளவுதான். வயிறு ஒட்டிப்போய்த் தலை பெரிசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

துன்னாமல் கிடந்த இறால் முழுவதையும் எடுக்க முடியாது. பாறை இடுக்கில் போனது போனதுதான். தண்ணீர் மெல்ல மெல்லக் கெட்டது. ஒரு மஞ்சள் நிறம், கிட்டே போனால் ஒரு வாடை. பெரிய மீன் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தண்ணீர் மாற்ற வேண்டும் என்று மச்சான் போனில் சொன்னான். "மாசி மகத்துக்குப் போறேன்டா, வேன் போவுது" என்றாள் அக்கா. "அப்ப கடல் தண்ணி ரெண்டு கேன் புடிச்சாந்துடு கா. ஆனா பாரு…" என்றான். அதற்குள் நேரம் முடிந்து லைன் போய்விட்டது.

மாசி மகம் வரும்போது, கேட்ட ஒதுக்கீடு கிடைத்துவிட்டது என்று செய்தி வந்து தெருவில் சரவெடி கொளுத்தினார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் ஒருவன் இனிப்பு கொண்டுவந்து நீட்டினான். "ஒன் தம்பி வெறுமன உள்ள போவலக்கா" என்றான். என் மனைவி, "விரதம்பா" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கடலூரிலிருந்து அவள் திரும்பி வந்ததை நான் மறக்க முடியாது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது. தலை ஈரம் காயவில்லை. இரண்டு கேனுக்கும் குங்குமம் வைத்து, கழுத்தில் பூ சுற்றியிருந்தாள்.

"சாமி முழுகி எழுந்திருச்சி பாருங்க, அந்த எடத்துலயே புடிச்சேன். மார் மட்டும் தண்ணி. தம்பி ஜெயில்ல கீறான், அவனுக்குன்னு சொன்னேன். அவ்ளோ கூட்டமும் நவுந்து எடம் வுட்ச்சிங்க. ஒர்த்தர் கூட மொனவல."

கேனைத் திறந்தேன். சந்தனமும் கற்பூரமும் மணத்தது. அந்த இடத்தில் எத்தனை ஊர்ச் சாமிக்குப் பால், எண்ணெய், மஞ்சள் என்று அபிஷேகம் நடந்திருக்கும். வெள்ளைக் கேனின் உள்பக்கம் எண்ணெய் வட்டமாகப் படிந்திருந்தது. விரலை வைத்துக் காட்டினேன்.

"எண்ண கீதும்மா."

"சாமி குளிச்ச தண்ணியில இன்னாங்க கெடுதி வரும்?"

அந்தத் தண்ணீரை அவள் என் கையில் ஊற்றியிருந்தால் நானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்திருப்பேன். மேலே செய்தித்தாளை விரித்து விரித்து எண்ணெயை எடுத்தேன். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். ஒரு நாள் ஆற விட்டேன். வாசனை போகவில்லை. தொட்டியில் பெரிய மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. இருக்கிற தண்ணீர் கெட்டுவிட்டது, கையில் இருக்கிற தண்ணீர் இது. இருவரும் சேர்ந்துதான் கேனைத் தூக்கிச் சாய்த்தோம். ஊற்றும்போது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை இறாலைப் போட்டேன். பெரியது வழக்கம்போல மேலே வந்தது. வாங்கித் துப்பியது. மறுபடி வாங்கித் துப்பியது. அதன் உடம்பில் சோறு வடித்த கஞ்சி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. ஒரு மூட்டை கேழ்வரகு அரைத்துவிட்டு வந்து பார்த்தால் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது. எண்ணெய் மேலேதான் மிதக்கும். சாப்பிடக் கற்றுக்கொண்டது மேலே வந்து செத்தது. சாப்பிட வராத சின்னது பாறைக்குக் கீழே உயிரோடு நின்றது.

"சாமி தண்ணிங்க அது" என்றாள் என் மனைவி. அன்றைக்கு அந்த ஒரு வேளையும் அவள் சாப்பிடவில்லை.

அதற்கப்புறம் ஜாமீன் கிடைத்தது. ஆனால் கள்ளக்குறிச்சிக்குள் வரக் கூடாது, திருக்கோவிலூரில் தங்கித் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கினான். போனது ஒரு ஆள், வந்தது பாதி ஆள் என்று அவனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். முதல் நாளே வீடியோவில் கூப்பிட்டான். "தொட்டியக் காட்டுக்கா."

அவள் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பவில்லை. தன் முகத்துக்கு நேராகவே வைத்துக்கொண்டு, "பெருசு போயிட்ச்சிடா" என்றாள். "தீர்த்தவாரி நடந்த எடத்துல தண்ணி புடிச்சாந்து ஊத்துனேன். போயிட்ச்சி."

போனில் பின்னால் எங்கேயோ ஒரு சேவல் கூவிக்கொண்டிருந்தது.

"கரையில புடிக்காத, படகுக்காரன்கிட்ட சொல்லி உள்ள போயி எடுத்தாரச் சொல்லுன்னு சொல்ல வந்தேன். கட்டாயிட்ச்சி" என்றான். பிறகு, "வுடுக்கா. உனுக்கு இன்னா தெரியும்."

போனை வைத்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "நாலு வார்த்த திட்டியிருந்தான்னா தேவலயா இருந்திருக்கும்ங்க. இப்பிடி வுடு வுடுன்றானே."

அவனே ஒரு படகுக்காரரிடம் சொல்லி, கறிகாய் வேனில் நல்ல கடல் தண்ணீர் அனுப்பி வைத்தான். குட்டி இறாலின் முட்டைப் பொடியும் ஒரு டப்பா வந்தது. போனில் அவன் சொல்லச் சொல்ல, என் மனைவி தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குழாயை விட்டு, மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்க விட்டாள். விரதம் முடிந்திருந்தது. முடியாமலிருந்தாலும் செய்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை நாளில் தண்ணீர் முழுக்கச் சிவப்புத் தூசு துள்ளியது. அதை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாகச் சின்னதின் மூக்குக்கு நேரே விடுவாள். விட்டுவிட்டு அறைக்கு வெளியே போய்க் கதவு மறைவில் நிற்பாள். அது கொத்தாது. மறுநாளுக்கு மறுபடி பாட்டில் கட்டுவாள். மில்லுக்கு வருகிறவர்கள், "புள்ளைக்கு மருந்து கலக்குறியா?" என்று கேட்டால், "ஆமா" என்பாள்.

நிபந்தனை தளர்ந்து மச்சான் வீட்டுக்கு வந்தபோது சின்னது இருந்தது. எலும்பும் தோலுமாக, ஆனால் இருந்தது. அவன் தொட்டிக்கு முன்னால் நின்று அதைப் பார்த்தான். அக்காவின் கையிலிருந்து குழாயை வாங்கி, இரையை விட்டான். பிறகு அவனும் அவளோடு கதவுக்குப் பின்னால் வந்து நின்றான். நானும் நின்றேன். மீன் அந்தச் சிவப்புத் தூசுக்குள் நின்றுகொண்டே இருந்தது. தலையை ஒரு வெட்டு வெட்டியது. இன்னொரு வெட்டு.

"துன்னுது மாமா" என்றான். யார் வீட்டிலோ சாவு என்று சொல்வது போலச் சொன்னான்.

அக்காவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப இதுக்கு இன்னொண்ணு வாங்கியாந்து வுடுடா. இதாண்டா நேரம்."

"இதுக்கு மேல இது தனியா வளந்து பெட்டையா ஆயிடும்கா. சின்னதா ஒண்ணு வாங்கி வுட்டா ஜோடி சேந்துக்கும்."

"அதான் சொல்றேன். வாங்கியா."

"வாய்தா முடியட்டும்" என்றான். "முட்ட வெச்சிச்சின்னா குஞ்சுக்கு நாளைக்கி நாலு வேள எர போடணும். நடுவுல என்னத் திரும்ப உள்ள போட்டாங்கன்னா?"

கொடுத்த ஒதுக்கீட்டைப் பிற்பாடு கோர்ட் ரத்து செய்துவிட்டது. தெருவில் இப்போது யாரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வழக்கு மட்டும் நடக்கிறது. மச்சான் என்னோடு மில்லில்தான் இருக்கிறான். வாய்தா நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவான், மத்தியானத்துக்கு மேல் திரும்புவான். மீன் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது, உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிட்டது. யார் கையால் போட்டாலும் மேலே வந்து வாங்கித் தின்கிறது. போன தரமும் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கேட்டாள், "இன்னாடா ஆச்சி?"

"மறுபடி தேதி போட்டுகீறாங்க" என்றான்.